எருமையும் மீன்கொத்தியும்

கும்மிடிப்பூண்டி
9.6.2025

அன்புத் தம்பி பென்னிக்கு,

அக்கா ஹெலன் எழுதுகிறேன். மாதாவின் தயவில் நானும் உன் மாமாவும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதப் பேனா வரவில்லை. உன் உடம்பு எப்படி? கை நடுக்கம் குறைந்ததா? அந்த மறுவாழ்வு இல்லத்தில் முதலில் சில மாதம் போனும் கிடையாது, பார்க்க வரவும் கூடாது என்றார்கள். அதனால்தான் பள்ளிக்கூடத்தை விட்டபிறகு முதல் தடவையாகக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோழி கிளறியதுபோல இருந்தால் சிரிக்காதே.

நீ போன பிறகு நம் ஷைனி வீட்டை விட்டுப் போய்விட்டாள். ஈஸ்டர் முடிந்து அவளைக் கன்னியர் மடத்தில் சேர்ப்பதாக இருந்தது. விடிந்து பார்த்தால் கட்டி வைத்த பெட்டி இருக்கிறது, அவள் இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினோம். அதற்குள் அவளே அங்கே போன் போட்டு, "எனக்கு இருபது வயசு ஆவுது சார், நானாத்தான் வந்தேன், எங்க கீறேன்னு ஊட்ல சொல்லாதீங்க" என்றாளாம்.

என் நேர்ச்சை உனக்குத் தெரியும். கைக்குழந்தையாக நெஞ்சில் சளி கட்டி அவள் மூச்சு நின்று நின்று வந்தபோது, பிழைத்தால் கன்னியாஸ்திரியாகத் தருகிறேன் என்று ஆண்டவரிடம் சொன்னேன். பிழைத்தாள். சொன்ன வாக்கை மீறினால் கொடுத்த மூச்சை அவர் திரும்ப வாங்கிக்கொள்வாரே என்ற பயம் என்னைத் தின்கிறது.

உன் நெட் சென்டரைக் காலி பண்ணியபோது ஒரு கம்ப்யூட்டரை இங்கே கொண்டுவந்து போட்டாயே, அதைத் தட்டிப் பார்த்தேன். நீ அவளுக்குச் சொல்லிக்கொடுத்த சண்டை விமான ஆட்டம் அதில் இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் ஆனால் 'மீன்கொத்தி' என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறது. அவளுக்கு நீ வைத்த பெயர்தானே? எனக்கு அதை ஓட்டச் சொல்லிக்கொடு தம்பி. அவள் குரலை ஒரு தடவை கேட்டால் போதும். இருமுகிறாளா என்று தெரிந்தால் போதும். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

உன் அக்கா
ஹெலன்


செங்கம் சாலை
20.6.2025

பாசமுள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

பென்னியின் வணக்கம். கை நடுக்கம் குறைந்திருக்கிறது, டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் குடிக்கிறேன். ஷைனி சேதி படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

கேன்டீனில் சப்பாத்தி தேய்க்கிற கை விமானம் ஓட்டுமா என்று கேட்க மாட்டேன். ஓட்டும். ஆனால் முதலில் சில விஷயம். ஞாயிற்றுக்கிழமை விளையாடுவது ஒரு கோஷ்டி. அவர்கள் பக்கத்தில் சேரக் கடவுச்சொல் வேண்டும். வெளியாட்கள் எதிர்ப்பக்கம்தான் போகமுடியும், அடிவாங்குவதற்கென்றே. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு வார்த்தைகூட எழுத முடியாது. ஒரு வழக்கம் மட்டும் வைத்திருக்கிறார்கள். வெளியாள் யாராவது அவர்களில் ஒருவரை வீழ்த்திவிட்டால், ஆட்டம் முடிந்ததும் பேச்சு அறைக்குக் கூப்பிடுவார்கள். மைக் இல்லாமல் போனால் நீ கேட்கலாம், உன்னை யாரும் கேட்க முடியாது.

என் பெயரில் நுழையாதே. 'விருந்தாளி' என்று போட்டுக்கொள். உன் பெயர் மிகக் கிட்டே வருகிறவர்களுக்குத்தான் எழுத்தாகத் தெரியும். நீ என்று தெரிந்தால் அவள் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுவாள்.

அவள் ஓட்டுவது காகிதம் மாதிரி லேசான ஜப்பான் விமானம். ஒரு கிணற்றுக்குள் வட்டம் போடும். நீ கனமானதை எடு. திருப்பத்தில் அவளோடு போட்டி போடாதே, இதை மட்டும் சுவரில் எழுதி ஒட்டி வை.

தம்பி
பென்னி


கும்மிடிப்பூண்டி
7.7.2025

தம்பி பென்னி,

நலம் விசாரிக்கிறேன். இங்கே நலமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தோடு போயிற்று.

நீ சொன்ன கனமான விமானத்துக்கு எருமை என்று பெயர் வைத்திருக்கிறேன். பெயருக்கு ஏற்ற பிறவி. முதல் வாரம் தரையை விட்டே கிளம்பவில்லை. கேன்டீனிலிருந்து வந்து தினம் பழகினேன். இப்போது ஓடுபாதையில் நின்று எப்போதும்போல மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லி முடித்துவிட்டுக் கிளம்புகிறேன். மேலே போய்விடுகிறது. அவளும் வந்துவிடுகிறாள். குட்டியாக, பச்சையாக, என் முன்னால் சறுக்கிக்கொண்டு போகிறாள். அவளைப் பார்த்ததும் எனக்கு நீ சொன்னதெல்லாம் மறந்துவிடுகிறது. அவள் இடது பக்கம் திரும்பினால் நானும் திரும்புகிறேன். இன்னும் திரும்புகிறாள், நானும். எருமை மூச்சு வாங்கி அப்படியே நின்று தலைகீழாக விழுகிறது. அவளுக்குச் சுடுகிற வேலைகூட வைப்பதில்லை.

உன் மாமா முதலில் கத்தினார். "இன்னா ஹெலனு, சோறு ஆக்கிற நேரத்துல ஏரோப்ளேன் ஓட்டிக்கினு கீறே? பேஜாரா போச்சு உன்னோட." இப்போது இரும்பாலையில் பர்னஸ் டூட்டி முடிந்து வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் உட்காருகிறார். நேற்று நான் விழுந்தபோது, "அவ நல்லா ஓட்றா இல்ல?" என்று மட்டும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

இருந்த இடத்தை விட்டுப் பிள்ளை விலகிப்போனால் பின்னால் ஓடத்தானே தாய்க்குத் தெரியும்? வேறு என்ன செய்வது சொல்.

அக்கா


ஸ்ரீபெரும்புதூர்
15.7.2025

மாமா,

நலமா பென்னி மாமா? நான் நலம். போன கடிதத்தில் சொன்னதையே திரும்பச் சொல்கிறேன்: நான் இருக்கும் இடம் அம்மாவுக்குப் போனால், உனக்கும் இதுதான் கடைசிக் கடிதம்.

ஹாஸ்டல் பரவாயில்லை. பக்கத்துக் கட்டில் ஸ்நேகாவின் லேப்டாப்பில்தான் ஞாயிறு ஆட்டம். கம்பெனியில் பெயின்ட் அடிக்கிற பூத்தில் போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் இருமல் இருக்கிறது, பெரிதாக இல்லை.

ஒரு வேடிக்கை. விருந்தாளி என்று ஒரு ஆள் வருகிறது. கனமான விமானத்தை எடுத்துக்கொண்டு என்னோடு திரும்பித் திரும்பிச் சாகிறது. வேறு யாரையும் பார்ப்பதில்லை, என் பின்னாலேயே வருகிறது. அதைவிட வேடிக்கை, கிளம்புவதற்கு முன் ஓடுபாதையில் இன்ஜினைப் போட்டுவிட்டுச் சும்மா நிற்கும். ஸ்நேகா "அதுக்கு நெட்டு ஸ்லோவா இருக்கும்டி" என்கிறாள். பாவமாகத்தான் இருக்கிறது. நீ இருந்தால் அதற்கு ரெண்டு பாடம் எடுத்திருப்பாய்.

உடம்பைப் பார்த்துக்கொள் மாமா. குடிக்காதே.

ஷைனி


செங்கம் சாலை
28.7.2025

அன்பு அக்காவுக்கு,

பென்னி எழுதுகிறேன். சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்காகப் போகிறது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே, எழுதி எழுதிக் கிழித்தேன்.

நீ செய்வதெல்லாம் ஒரே தப்பு. அவளைப் பார்த்ததும் திரும்புகிறாய். ஒவ்வொரு திருப்பத்துக்கும் வேகம் செலவாகிறது, லேசானவளுக்குக் கொஞ்சம், உனக்கு நிறைய. மீஞ்சூர் மேம்பாலத்தில் மாமாவின் பைக்கை நினைத்துப்பார். ஏறும்போது முக்கும், இறங்கும்போது தானாகப் பறக்கும். உயரம்தான் உன் கையிருப்பு. அவளைத் தேடாமல் முதலில் தள்ளிப்போய் மேலே ஏறு. அவள் கீழே தெரியும்போது சரிந்து இறங்கி ஒரே ஒரு முறை சுடு. பட்டாலும் படாவிட்டாலும் நேரே போய்க்கொண்டே இரு. அந்த வேகத்திலேயே திரும்ப மேலே ஏறு. அவளால் உன் வேகத்துக்கு இறங்க முடியாது, இறங்கினால் இறக்கை இறுகி விமானம் அவள் சொல் கேட்காது. வெகுதூரம் போன பிறகுதான் திரும்பிப் பார்க்கவேண்டும். மேலே விழுந்து பிடிப்பதில்லை அக்கா, விட்டுவிட்டு வருவதுதான் இதில் வித்தை.

இன்னொன்று. ஷைனிக்குச் சின்னதில் இருமலுக்கு ஒரு கஷாயம் போடுவாயே, அதில் என்னென்ன? இங்கே ஒருத்தருக்கு இருமல்.

பென்னி


கும்மிடிப்பூண்டி
11.8.2025

தம்பிக்கு,

ஆடாதோடை இலை நாலு, அதிமதுரம் ஒரு துண்டு, திப்பிலி இரண்டு, மிளகு பத்து. பாதியாகச் சுண்டியதும் பனங்கற்கண்டு. சூடாக, மடக் மடக்கென்று குடிக்கவேண்டும்.

நேற்று ஒன்றை வீழ்த்திவிட்டேன்! அவளை இல்லை. கூட வந்த இன்னொன்றை. நீ சொன்னபடி மேலே ஏறிக் காத்திருந்தேன். கீழே அவள் தெரிந்தாள், பின்னால் திரும்பவில்லை. இறங்கினேன், சுட்டேன், நேரே போனேன். நடுவில் வந்த வேறொரு விமானம் புகைந்துகொண்டு விழுந்தது. உன் மாமா நாற்காலியிலிருந்து எழுந்து "அடிச்சிட்டா நைனா!" என்று கத்தியதில் பக்கத்து வீட்டு குணசுந்தரி ஓடி வந்துவிட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் கூப்பிட்டார்கள். போனேன் தம்பி. நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பெண், "என்னை இந்த எருமை அடிச்சிடுச்சே" என்றாள். நான் வைத்த அதே பெயர். அப்புறம் ஒரு சிரிப்பு. என் வயிற்றில் பிறந்த சிரிப்பு எனக்குத் தெரியாதா? உன் மாமா என் தோளை அப்படிப் பிடித்தார், இன்னும் வலிக்கிறது.

சிரிப்பு முடிவதற்குள் இருமினாள். விடாமல் இருமினாள். அந்தப் பெண், "தண்ணி குடிடி" என்றாள். அடி வயிற்றிலிருந்து வருகிற அந்த இருமல், கைக்குழந்தையாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்டது. ஆண்டவர் கேட்கிறார் பென்னி, கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறார்.

ராத்திரி பூராவும் படுக்கவில்லை. விடியும்போதுதான் உன் கடிதம் ஞாபகம் வந்தது.

அங்கே யாருக்கு இருமல், தம்பி?

ஹெலன்


ஸ்ரீபெரும்புதூர்
8.9.2025

மாமா,

கஷாயம் எழுதி அனுப்பினாய். குடித்தேன். முதல் வாய் வைத்ததுமே யார் போட்ட அளவு என்று தெரிந்துவிட்டது. சரி, உனக்குப் பழைய ஞாபகம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் அந்த விருந்தாளி ஓடுபாதையில் நின்றது. அதன் மேலே வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். என் வாய் தானாக முணுமுணுக்கிறது. அப்பா பைக்கை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு நிற்பார், அம்மா மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லி முடித்தால்தான் வண்டி நகரும். பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போனாலும் அப்படித்தான். மூன்றாவது முடிந்து நான் ஆமென் சொன்னேன். கீழே எருமை நகர்ந்தது.

அது அம்மாதான். இங்கேயுமா? இந்த ஒரு இடத்திலுமா? நான் மூச்சு விடுகிற ஒவ்வொரு தடவையும் அது யார் கொடுத்தது என்று சொல்லியே வளர்த்தாள். நேற்று அவள் தரையில் நின்றுகொண்டிருக்கும்போதே, இரண்டாவது மரியேயில், சுட்டேன். அடுத்த தடவையும் சுட்டேன். அதற்கடுத்த தடவையும். ஸ்நேகா, "ஏய், அது தரையில கீதுடி, அசிங்கம்டி" என்று லேப்டாப்பை மூடிவிட்டாள்.

சொல்லிக்கொடுத்தது நீதானே? என்னையும் பேச வைத்துவிட்டு அவளையும் அனுப்பியிருக்கிறாய். அக்டோபரில் ஓசூர் யூனிட்டுக்கு மாற்றல் வாங்கிவிட்டேன். இரண்டாவது ஞாயிறுதான் இங்கே கடைசி ஆட்டம். இனி எழுதமாட்டேன்.

ஷைனி


கும்மிடிப்பூண்டி
15.9.2025

தம்பி பென்னி,

நீ சுகமா, இருக்கிறாயா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை. என் கேள்விக்குப் பதிலே இல்லை.

ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் சுட்டுவிடுகிறாள். தரையில், நின்ற இடத்தில். திரை சிவந்து, கறுத்து, மறுபடியும் ஓடுபாதை. மறுபடியும் 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்குகிறேன், மறுபடியும். உன் மாமா, "ஜெபம் பண்ணாம ஓட்டிக்கினு போயேன்டி" என்று அழுதார். பர்னஸ் முன்னால் நிற்கிற மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. எப்படி ஜெபம் பண்ணாமல் கிளம்புவது? ஒரு நாளும் கிளம்பியதில்லையே.

அவளுக்கு நான் என்று தெரிந்துவிட்டது. தெரிந்துதான் சுடுகிறாள்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரிந்துவிட்டது. இடத்தைச் சொல்லாதே. வெளியே போகும்போது மாஸ்க் போடச் சொல். டாக்டரிடம் காட்டச் சொல். நான் சாகச் சொன்னாலும் சாகிறேன், என்ன செய்யவேண்டும் என்று மட்டும் எழுது.

அக்கா


செங்கம் சாலை
24.9.2025

ஷைனிக்கண்ணு,

நீ எழுதமாட்டாய், நான் எழுதுகிறேன். உன் கடிதமும் உன் அம்மா கடிதமும் என் தலையணைக்கு அடியில் கிடந்தன. தாங்க முடியவில்லை. சுவர் ஏறிக் குதித்துப் போய்க் குடித்துவிட்டேன். ரோட்டோரம் கிடந்தவனைத் தூக்கி வந்தார்கள். இப்போது முதல் நாளிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். உன் அம்மாவிடம் காய்ச்சல் என்று சொல்லப்போகிறேன். காட்டிக்கொடுக்காதே.

உன் இடத்தை நான் சொல்லவில்லை. அவளே பச்சை விளக்கைப் பார்த்து வந்தாள். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தரையில் நிற்கிறவரைச் சுடக்கூடாது என்று உனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தேன். வானத்தில் என்ன வேண்டுமானாலும் செய்.

டாக்டரிடம் காட்டு.

மாமா


செங்கம் சாலை
24.9.2025

அக்காவுக்கு,

பென்னியின் அன்பு. காய்ச்சலில் படுத்துவிட்டேன், அதான் எழுதவில்லை. இப்போது தேவலை.

யாருக்கு இருமல் என்று கேட்டாய். நான் பதில் எழுதாததே உனக்குப் பதில் ஆகிவிட்டது. சொல்லக்கூடாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அக்டோபர் இரண்டாம் ஞாயிறுக்குப் பிறகு அந்த விளக்கு எரியாது.

முதலில் சர்ச்சில் பங்குச் சாமியாரைப் போய்ப் பார். உன் நேர்ச்சை செல்லுமா என்று அவர் வாயால் கேள். எனக்கு வேதம் தெரியாது, ஆனால் இது தெரியும்: நீ விமானத்தில் மட்டும் அவள் பின்னால் திரும்பவில்லை. அவள் பிறந்ததிலிருந்து திரும்பிக்கொண்டே இருக்கிறாய்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் பிழைக்கிற வழி. இப்போது சொல்வது சாகிற வழி. லேசான விமானத்தின் முன்னால் எவனும் செய்யாதது. மெதுவாக, நேராக, உன் முதுகை அவளிடம் கொடுத்துவிட்டுப் போ. ஏறாதே, இறங்காதே, சுடாதே, திரும்பிப் பார்க்காதே. பெயரை மாற்றிக்கொள். விருந்தாளி வேண்டாம். அவளுக்கு நீ சொல்லவேண்டிய ஒரே வார்த்தையைப் பெயராக வை. கிட்டே வந்தால்தான் அவளுக்கு அது தெரியும். தூரத்திலேயே சுட்டுவிட்டால் அவ்வளவுதான், வேறு வித்தை என்னிடம் இல்லை.

பென்னி


கும்மிடிப்பூண்டி
13.10.2025

தம்பி,

உனக்கு வந்தது காய்ச்சல் இல்லை என்று எனக்குத் தெரியும். கேட்கமாட்டேன். மறுபடியும் முதல் நாளிலிருந்து எண்ணு.

சாமியாரிடம் போனேன். "உன் உயிரை நேர்ந்துக்கலாம்மா, இன்னொருத்தர் உயிரை எப்படி நேருவ? அது அன்னிக்கே செல்லாது" என்றார். இத்தனை வருஷம் செல்லாத நேர்ச்சைக்குப் பயந்து பிள்ளையைப் பயமுறுத்தியிருக்கிறேன். பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது. அதோடுதான் நேற்று உட்கார்ந்தேன்.

ஓடுபாதையில் மூன்றும் சொல்லி முடித்தேன். சுடவில்லை. மேலே போய்க் கடல் பக்கம் நேரே ஓட்டினேன். சுடுகிற பொத்தானிலிருந்து விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உன் மாமா, "பின்னால வந்துட்டா. திரும்பு. அய்யோ திரும்புடி!" என்றார். "கம்முனு இரு" என்றேன். என் வாழ்க்கையில் அதைப் போல நீண்ட நேரம் எதுவும் இருந்ததில்லை.

சுடுகிற சத்தம் வரவில்லை. பக்கவாட்டில் பச்சையாக ஏதோ அசைந்தது. அவள்தான். என் இறக்கைக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், வாலில் இருக்கிற எண் வாசிக்கிற தூரத்தில். திரும்பிப் பார்க்காதே என்று நீ சொன்னாய், நான் பார்த்துவிட்டேன். கடல் முடிகிற இடம்வரைக்கும் கூடவே வந்தாள். அப்புறம் இறக்கையை ஒரு தடவை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். விளக்கு அணைந்தது.

அவ்வளவுதான் பென்னி. கம்ப்யூட்டரை மூடித் துணி போர்த்திவிட்டேன்.

ஹெலன்


ஓசூர்
27.10.2025

அம்மா,

நலமா? அப்பா நலமா? நான் நலம் என்றால் நம்பமாட்டாய், அதனால் விவரமாக எழுதுகிறேன். டாக்டரிடம் காட்டினேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். பெயின்ட் புகையால் வந்தது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். இங்கே பாகம் பூட்டுகிற அசெம்பிளி லைனில் போட்டிருக்கிறார்கள். இருமல் குறைந்துவிட்டது. உன் கஷாயத்தில் மிளகு அதிகம்.

வீட்டுக்கு வரமாட்டேன். மடத்துக்கும் இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

அன்றைக்கு உன்னைச் சுடத்தான் பின்னால் வந்தேன். தரையில் சுடக்கூடாது என்று மாமா சொன்னதால் நீ மேலே வரும்வரை காத்திருந்தேன். விரல் பொத்தானில் இருந்தது. நீ திரும்புவாய், எப்போதும்போல என் பக்கம் திரும்புவாய் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். நீ திரும்பவே இல்லை. என்னமோ ஆகிவிட்டது என்று கிட்டே வந்தேன். அப்போதுதான் உன் பெயரைப் படித்தேன்.

'உன் மூச்சு உன்னுது.'

லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அப்படி அழுதேன் அம்மா. ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் ஸ்நேகா பயந்துபோய், நான் கிளம்பும்போது அந்த லேப்டாப்பையே என்னிடம் கொடுத்தனுப்பிவிட்டாள்.

எங்கள் பக்கத்துக் கடவுச்சொல்லை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஞாயிறு சாயங்காலம், கம்ப்யூட்டர் மேல் நீ போர்த்தியதாக மாமா எழுதிய துணியை எடு. அப்பாவையும் உட்காரச் சொல். எருமையை ஓடுபாதையில் கொண்டுவந்து நிறுத்து. பக்கத்தில் நானும் இன்ஜினைப் போட்டுக்கொண்டு நிற்பேன்.

அவசரப்படாதே. மூன்றும் சொல்லி முடி. அப்புறம் கிளம்பலாம்.

உன்
ஷைனி